கோடியக்கரைக்குப் போகிறீர்களா? முத்துப்பேட்டை லகூனையும் சேர்த்து இரண்டு நாள் ஒதுக்குங்கள்

கோடியக்கரைக்குப் போய்வந்த பலர் "அங்கே ஒன்றும் இல்லையே, வெறும் மணலும் வெயிலும்தான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். வேளாங்கண்ணிக்கு வந்திருப்பார்கள், மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு எட்டுப் போய்வரலாம் என்று வண்டியை விட்டிருப்பார்கள், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் கடற்கரையில் இறங்கிப் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் மானும் நிழலுக்குள் போயிருக்கும், பறவையும் தூரத்தில் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். இந்த இடத்துக்கு நேரம் பார்த்துப் போக வேண்டும், காற்று பார்த்துப் போக வேண்டும், அவசரமில்லாமல் போக வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். தமிழ்நாட்டு வரைபடத்தில் சென்னையிலிருந்து கீழே இறங்கி வருகிற கடற்கரை, நாகப்பட்டினம் தாண்டி ஓரிடத்தில் மூக்கு மாதிரி நீண்டு, சட்டென்று மேற்கே திரும்பும். அந்த முனைதான் கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. வடக்கிலிருந்து கரையோரமாகக் கடல் நீரோட்டம் அடித்துக்கொண்டு வருகிற மணல் இந்த முனையில் வேகம் குறைந்து படிகிறது, அப்படியே மேற்கே ஒரு நீண்ட மணல் கரையாகப் போகிறது. அந்த மணல் கரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட தண்ணீர்தான் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. கோடியக்கரையிலிருந்து அதிராம்பட்டினம் வரைக்கும் சுமார் 48 கிலோமீட்டர். காவிரிப் படுகையின் கடைமடை இது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காகோரையாறு என்று காவிரியின் கிளைகள், வயலுக்கெல்லாம் பாய்ந்த பிறகு மிச்சமிருக்கிற தண்ணீரை இந்தச் சதுப்பில்தான் கொண்டுவந்து விடுகின்றன. மேற்குப் பக்கத்தில் அது அகன்று ஒரு பெரிய நீர்ப்பரப்பாக ஆகிற இடம் முத்துப்பேட்டை லகூன். ஊர்க்காரர்கள் உட்பட எல்லோரும் லகூன் என்றே சொல்கிறார்கள்.

ஆக, கோடியக்கரை மணலும் முத்துப்பேட்டை அலையாத்திக் (மாங்குரோவ்) காடும் இரண்டு மாவட்டங்களில் இருந்தாலும் ஒரே இடத்தின் இரண்டு முனைகள். 2002இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோதும் இரண்டையும் சேர்த்து ஒன்றாகத்தான் சேர்த்தார்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். இரண்டு நாள் ஒதுக்குங்கள் என்று சொல்வது அதனால்தான்.

எப்போது போகலாம்

பறவைக்காகப் போகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதைக் கொஞ்சம் குறுக்கி, பொங்கல் கழிந்து பிப்ரவரி முடிய என்று சொல்வேன். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். பறவைகள் வந்திருக்கும், ஆனால் சதுப்புக்குள் போகிற மண் பாதை சேறாகிவிடும், புயல் சின்னம் என்று அறிவிப்பு வந்தால் வனத்துறை எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நிறுத்தட்டும், அதுதான் சரி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் கரையேறியது, இந்தக் காட்டிலும் சுற்றுவட்டத் தென்னந்தோப்புகளிலும் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. இந்த ஊர்க்காரர்கள் வானிலை அறிவிப்பை எவ்வளவு கவனமாகக் கேட்பார்கள் என்பதை அங்கே போனால் பார்க்கலாம். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

தை பிறந்த பிறகு மழை விட்டிருக்கும், சதுப்பில் தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கி, காலளவுத் தண்ணீர் பரந்து கிடக்கும். பூநாரைக்கு (ஃபிளமிங்கோ) வேண்டியது அந்த ஆழம்தான். வாடைக் காற்று அடங்கிக் காலையில் இதமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை, குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே சிரமம். ஜூன், ஜூலையில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும், அலையாத்திக் காட்டைப் படகில் பார்க்க மட்டும் அப்போதும் போகலாம்.

இன்னொரு விஷயம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரையில் ஆதிசேது என்று சொல்கிற கடல் துறையில் நீராடப் பெருங்கூட்டம் வரும். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் அன்றைக்குத்தான் வர வேண்டும், மற்றவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருகிறவர்கள் ரயிலில் திருவாரூர் வரை வந்துவிட்டால் அங்கிருந்து எல்லாம் பக்கம். திருவாரூர் - காரைக்குடி பாதையில் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை இரண்டும் வருகின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்குப் பிரிகிற பாதை பல வருடம் மூடிக் கிடந்து 2023 ஏப்ரலில் அகலப் பாதையாக மறுபடி திறந்தது. உப்பளங்களை ஒட்டிப் போகிற அந்தப் பயணமே தனியாகப் பார்க்கத் தகுந்தது, ஆனால் வண்டிகள் குறைவு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பேருந்தில் என்றால் நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி இரண்டு ஊரிலிருந்தும் வேதாரண்யத்துக்கு அடிக்கடி உண்டு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பதினோரு கிலோமீட்டர், நகரப் பேருந்து போகிறது. ஆனால் விடியற்காலையில் காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் பேருந்தை நம்ப முடியாது, முதல் நாள் இரவே ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி வைத்துவிடுங்கள். ஐந்தரைக்கு வரச் சொன்னால் வருவார்கள்.

தங்குவதற்கு வேதாரண்யத்தில் சாதாரண விடுதிகள் இருக்கின்றன. கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கிடைத்தால் விடாதீர்கள், அதிகாலையைப் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். எதிர்க்கரை யாழ்ப்பாணம் என்பதால் இது காவல் மிகுந்த கரை, கடலோரக் காவலர்கள் விசாரித்தால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முதல் நாள்: காடு, சதுப்பு, மணல்

கோடியக்காட்டில் வனத்துறைச் சோதனைச் சாவடி. நுழைவுச் சீட்டு, வண்டிச் சீட்டு, கேமராவுக்கு என்று தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக அங்கேயே "இன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது, பூநாரை எந்தப் பக்கம்" என்று கேளுங்கள். பூநாரை ஒரு வாரம் கோவைத்தீவுப் பக்கம் நிற்கும், அடுத்த வாரம் பம்ப் ஹவுஸ் பக்கம், இல்லையென்றால் சிறுதலைக்காட்டுப் பக்கம். தண்ணீர் எங்கே சரியான ஆழத்தில் இருக்கிறதோ அங்கே போய்விடும், இணையத்தில் போன வருடம் யாரோ எழுதியதைப் பார்த்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். காட்டோடு வளர்ந்த உள்ளூர்க்காரர் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது, அந்தக் காசு அந்த ஊரிலேயே தங்கவும் செய்யும்.

1967இல் இது சரணாலயம் ஆனதே வெளிமானுக்காக. காலையில் புல்வெளியில் மந்தையாக மேயும், பெட்டை மான்கள் மண் நிறத்திலும், முதிர்ந்த ஆண் மான்கள் முதுகு கறுத்து, முறுக்கிய கொம்போடும் நிற்கும். வண்டியை விட்டு இறங்காதீர்கள். வண்டி நின்றால் அது பார்த்துக்கொண்டே மேயும், மனித உருவம் இறங்கினால் அந்த நொடியே ஓட்டம். பக்கத்திலேயே மட்டக் குதிரைகள் கூட்டமாகத் திரியும், எப்போதோ யாரோ விட்டுப்போன குதிரைகளின் வழியில் வந்து காட்டோடு காடாகிவிட்டவை. கிட்டே போய்ப் படம் எடுக்க நினைக்க வேண்டாம், கடிக்கும், உதைக்கும். குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று எத்தனை பலகை வைத்தாலும் சாலையோரம் பிஸ்கட் உறை கிடக்கத்தான் செய்கிறது. கையேந்திப் பழகிய குரங்கு காட்டுக்குள் போகாமல் சாலையிலேயே உட்கார்ந்து வண்டியில் அடிபட்டுச் சாகிறது, இதைப் பார்க்கிற போதெல்லாம் மனது கஷ்டமாக இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள்.

சதுப்புப் பக்கம் வந்ததும் வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கி, அந்தக் கலங்கலை அலகால் வடித்துச் சாப்பிடும். இருநோக்கியில் (பைனாகுலரில்) பார்த்தால் நூறு பறவை ஒரே திசையில் அப்படி நகர்ந்துகொண்டிருப்பது தெரியும். ஆனால் பூநாரையோடு நிறுத்திவிடாதீர்கள். கரையோரம் சேற்றில் எலிக்குஞ்சு அளவில் ஓடி ஓடிக் கொத்துகிற சின்னப் பறவைகளைப் பாருங்கள், கொசு உள்ளான். உள்ளங்கையில் அடங்குகிற அந்தப் பறவை சைபீரியப் பக்கத்திலிருந்து பறந்து வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையம் பூட்டி ஆராய்ந்ததில்தான் இந்த வழிகளெல்லாம் தெரியவந்தன. கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா எல்லாம் அங்கேயே இருக்கும். மெதுவாகப் பாருங்கள், ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் சதுப்பின் மேல் கானல் எழுந்து எல்லாம் ஆடத் தொடங்கிவிடும், அதற்குள் பார்த்து முடியுங்கள்.

நடுப்பகல் வேதாரண்யத்துக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுங்கள். போகிற வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது, இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பள்ளிய இடம் இது. சாலைக்கு இரண்டு பக்கமும் இப்போதும் பாத்தி பாத்தியாக உப்பளம்தான், அதே மண், அதே உப்பு. வேலை நடக்கிற பாத்திக்குள் செருப்போடு இறங்கிவிடாதீர்கள், வரப்பிலேயே நின்று பாருங்கள்.

மூன்றரை மணிக்கு மேல் கடற்கரை. வழியில் ராமர் பாதம் என்று ஒரு மணல் மேடு, அதுதான் இந்த முனையிலேயே உயரமான இடம், ஏறி நின்றால் காடு எவ்வளவு தட்டையாகக் கிடக்கிறது என்பது புரியும். காடே இங்கே மணல் மேல்தான் நிற்கிறது, மேலே மழை நீர் ஊறி நிற்கிற மட்டும்தான் நல்ல தண்ணீர், கொஞ்சம் ஆழம் போனால் உப்பு.

கடற்கரையில் இறங்கியதும் முதலில் தெரிய வேண்டியது: இது குளிப்பதற்கான கடல் இல்லை. இரண்டு கடலும் சேருகிற முனை என்பதால் நீரோட்டம் திசை மாறி மாறி இழுக்கும், பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். உயிர்காப்பாளரும் கிடையாது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் வலைக்காரர்கள் இறங்குகிற இடத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆழமில்லாத இடத்தில் திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கலாம், காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு உரசிக்கொண்டே நடந்தால் அது முன்னாலேயே விலகிப் போய்விடும். கரையில் கண்ணாடி மாதிரி ஒதுங்கிக் கிடக்கிற சொறி மீனை (ஜெல்லி மீன்) குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செத்துக் கிடந்தாலும் அரிக்கும்.

தெற்குப் பக்கம் திரும்பினால் மணல் போய்ச் சேறு வந்துவிடும். மேலே காய்ந்து வெடித்துத் தரை மாதிரி தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். உள்ளூர் ஆள் இல்லாமல் அந்தப் பக்கம் நடக்கவே கூடாது. ஒருவேளை கால் மாட்டிக்கொண்டால் உதறாதீர்கள், உதற உதறத்தான் இறங்கும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, உடம்புப் பாரத்தைப் பரப்பி, ஒரு காலை மெல்ல ஆட்டி ஆட்டி வெளியே இழுத்து, பிறகு அடுத்த கால். அதே போல கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓதக் கணக்கும் முக்கியம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனால் நிலம் இவ்வளவு தட்டை என்பதால் ஒரு சாண் தண்ணீர் ஏறினாலும் வெகுதூரம் பரவிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகம். "தண்ணி எப்போ ஏறும்?" என்று மீன்காரர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடி சீசன். வெளியூர் மீனவர்கள் படகும் வலையுமாக வந்து கரையிலேயே கொட்டகை போட்டுத் தங்கியிருப்பார்கள். மாலையிலோ விடியலிலோ படகு கரையேறுகிற நேரம் போனால் காலா, வாவல், திருக்கை, நண்டு என்று வகை வகையாகப் பிரித்து ஏலம் போகும். வலையிலிருந்து நண்டு எடுப்பதை உட்கார்ந்து பாருங்கள்: காலை ஒவ்வொன்றாக நூலிலிருந்து விடுவித்து, கொடுக்கை இரண்டு விரலால் பின்பக்கமாக அமுக்கிப் பிடித்து, ஒரு கால்கூட உடையாமல் கூடையில் போடுவார்கள், ஏனென்றால் கால் உடைந்த நண்டுக்கு விலை குறைவு. அவர்கள் வேலை செய்கிற இடம் அது. படம் எடுப்பதற்கு முன்னால் "அண்ணே, எடுக்கலாமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விரித்திருக்கிற வலையை மிதிக்காதீர்கள், தாண்டவும் செய்யாதீர்கள், சுற்றிப் போங்கள்.

ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம். காலையில் மணலில் துடுப்பு போட்ட மாதிரி இரட்டைத் தடம் கடலிலிருந்து மேலேறித் திரும்பியிருந்தால் அது ஆமைத் தடம். அதன் மேல் நடக்காதீர்கள், தோண்டிப் பார்க்காதீர்கள். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகள் வந்ததும் கடலில் விடுகிறார்கள். மார்ச் கடைசியில், ஏப்ரலில் போகிறவர்கள் அலுவலகத்தில் கேட்டால் குஞ்சு விடுகிற நாளைச் சொல்லக்கூடும். அன்றைக்குச் செல்போன் விளக்கு அடிக்கவே கூடாது, குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும்.

பழைய சோழர் கால வெளிச்ச கோபுரம் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. இடிபாட்டின் அடிப்பகுதிதான் இப்போது மிச்சம். நேரம் இருந்தால் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் சரணாலயத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள்: முத்துப்பேட்டை

வேதாரண்யத்திலிருந்து காலையிலேயே கிளம்புங்கள், பேருந்து மாறிப் போக ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். லகூனுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் முந்தின நாளே பேசிவிடுவது நல்லது. சனி, ஞாயிறில் படகுக்குக் காத்திருக்க வேண்டிவரும். படகு கிளம்புவது ஜாம்புவானோடையில், கோரையாற்றில்.

முதலில் ஆறு, இரண்டு கரையிலும் சாதாரணக் கிராமம். போகப் போகக் கரையில் அலையாத்தி நெருங்கும், ஆற்றின் நிறம் மாறும், அப்புறம் ஒரு திருப்பத்தில் காடு இரண்டு பக்கமும் விலகி, எதிரே கரையே தெரியாத அளவுக்குத் தண்ணீர் விரியும். லகூன். இவ்வளவு பெரிதாக இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான், அதனால் படகுக்காரர் வாய்க்கால் பார்த்துத்தான் ஓட்டுவார். வற்றத்தில் போனால் தரை தட்டும், ஏற்றத்தோடு உள்ளே போய் வருகிற மாதிரி அவரிடமே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வனத்துறை போட்டிருக்கிற மரப்பலகை நடைபாதை திறந்திருந்தால் இறங்கி நடங்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பது மூச்சுவேர். சேற்றில் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. அலையாத்தி இலை ஒன்றை உடைக்காமல் லேசாகத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது, வெயிலில் அது பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கும், விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். தில்லை மரத்தை மட்டும் தொடாதீர்கள், கிளை ஒடிந்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எது தில்லை என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் இறங்கி லகூன் கிட்டத்தட்ட நன்னீர் மாதிரி ஆகிவிடும், கோடையில் ஆறு வறண்டு வெயிலில் சுண்டிக் கடலைவிட உப்பாகும். மீன், நண்டு, இறால், மரம் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. மேலே ஆற்றில் தண்ணீர் வராத வருடம் கீழே இந்தக் காடுதான் முதலில் வாடும். படகில் போகும்போது இதைக் கேட்டால் படகுக்காரர்கள் நிறையச் சொல்வார்கள், அவர்களில் பலர் மீன் பிடிக்கிறவர்களும்தான்.

சாப்பாடும் சாமானும்

முத்துப்பேட்டையில் பிரியாணி சாப்பிடாமல் வரக் கூடாது. கொடுவாயும் மடவையும் லகூன் மீன்கள், மீன் குழம்புச் சாப்பாடு போடுகிற சின்ன ஓட்டல்களில் இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டு வாங்குங்கள். வேதாரண்யம் பக்கம் மணல் கொல்லைகளில் விளைகிற முல்லைப் பூவும், கோடையில் மாம்பழமும் பேர்போனவை.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், சரணாலயத்துக்குள் கடையை நம்ப வேண்டாம். தொப்பி, முழுக்கைச் சட்டை, மங்கலான நிறத்தில். சேறு ஒட்டினாலும் கழுவிக்கொள்கிற செருப்பு. இருநோக்கி இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கியாவது வாருங்கள், அது இல்லாமல் சதுப்பில் பாதி தெரியாது. படகில் கொடுக்கிற மிதவைச் சட்டையை வெயில் என்று கழற்றிவிடாதீர்கள். படகுத்துறையில் கழிப்பறை எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம், பெண்களும் குழந்தைகளும் ஊரிலேயே போய்விட்டு வருவது நல்லது. கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பி வரட்டும்.

லகூனிலிருந்து மதியத்துக்குள் கரைக்கு வந்துவிட்டால் ஜாம்புவானோடை தர்காவுக்கும் போய்வர நேரம் இருக்கும். எல்லா மதத்தவரும் வந்துபோகிற இடம், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தலையை மூடிக்கொண்டு போங்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் முத்துப்பேட்டை பேருந்து நிலையம், பட்டுக்கோட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ரயிலுக்குப் போகிறவர்கள் மட்டும் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே படகுத்துறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.